இடது பக்கம் பாருங்கள்

ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டு பால்கனியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று சொன்னபோது, என் வீட்டுக்காரரே நம்பவில்லை. "வெயில்ல உக்காந்து தைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றேன்" என்றார். எனக்கு மூளை கலங்கிவிட்டது என்பதை அவர் அவ்வளவு நாகரிகமாகச் சொல்வார்.

நான் ஆல்டரேஷன் தையல்காரி. புதுத் துணி தைப்பதில்லை. மற்றவர்கள் தைத்து விற்றதை மனிதர்கள் போடுகிற மாதிரி ஆக்குவது என் வேலை. பேன்ட் நீளம் குறைப்பேன், இடுப்பைப் பிரித்து விடுவேன், ஜிப் மாற்றுவேன். வெளிச்சத்துக்காக மெஷினை பால்கனிக் கதவை ஒட்டிப் போட்டிருக்கிறேன். வீடு மூன்றாம் மாடி. கீழே சிக்னல். தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பழைய அரண்மனை. அரண்மனை என்றதும் வாயைப் பிளக்க வேண்டாம். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அது ஏதோ அரசாங்க ஆபீசாகத்தான் இருந்தது. பிறகு அதையும் காலி பண்ணிவிட்டு, சாரம் கட்டி, உச்சி முதல் அடி வரை பச்சை வலையால் மூடி, உள்ளே தட்டிக்கொண்டே இருந்தார்கள். தூசி மட்டும் தினமும் எங்கள் வீட்டுக்கு வரும்.

பாதாள ரயிலுக்காகப் பெரிய சாலையைத் தோண்டினார்களே, அப்போது எங்கள் தெருவை ஒருவழிப் பாதையாக்கி, திசையையும் திருப்பிவிட்டார்கள். அதற்கு முன் அரண்மனை ஓரமாக ஒரு திசையில் போய்க்கொண்டிருந்த சுற்றுலா பஸ், இப்போது எதிர்த் திசையில் எங்கள் பால்கனிக்கு நேர் கீழே வந்து நிற்க ஆரம்பித்தது. சிவப்பு நிற டபுள் டெக்கர், மேல் தளத்துக்குக் கூரை கிடையாது. வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், காதில் ஹெட்போன், தலையில் தொப்பி, மூக்கில் வெள்ளையாக ஏதோ களிம்பு. சிக்னல் விழுந்ததும் அத்தனை தலையும் ஒன்றாக நிமிர்ந்து எங்கள் வீட்டைப் பார்க்கும். போன்கள் உயரும். போட்டோ எடுத்து முடித்ததும் எல்லோரும் கையை ஆட்டுவார்கள்.

முதல் நாள் கொடியைத்தான் பார்த்தேன். வீட்டுக்காரரின் ஓட்டை பனியன் காய்ந்துகொண்டிருந்தது. மானம் போயிற்றே என்று பிடுங்கி உள்ளே போட்டேன். அடுத்த பஸ் வந்தது. வெறும் கொடியையும் எடுத்தார்கள். கீழே இறங்கி நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்தேன். எங்கள் கட்டடமும் கிழடுதான். வளைவு வைத்த ஜன்னல்கள், பால்கனியில் பூ வேலை செய்த இரும்புக் கம்பி, அதன்மேல் உதிர்ந்த பெயின்ட். பார்க்க என்ன இருக்கிறது?

முதல் மாடி வக்கீல் வீட்டம்மா மூக்கில் விரல் வைத்தார். "கட்டடம் இடியப்போகுதோ என்னமோ. அதான் இருக்கும்போதே எடுத்து வெச்சுக்கிறாங்க." நல்ல வார்த்தை சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

இந்த இடத்தில் அண்ணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அண்ணி என்றால் என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. அவருடைய புருஷன் இன்னொருத்தியோடு போய்க் குடும்பம் நடத்த ஆரம்பித்ததும், ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் வந்தவர்தான், இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை தவிர வாசலைத் தாண்டவில்லை. காலிங் பெல் அடித்தால் பின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பால்காரர் குரல் கேட்டாலும் அப்படித்தான். தெரிந்த முகம் எதைப் பார்த்தாலும் அது "உங்க வீட்டுக்காரர் எங்க?" என்று கேட்டுவிடும் என்று பயம். கேட்கவும் கேட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். வந்த புதிதில் ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப்போனோம். சாப்பாட்டுப் பந்தியிலேயே மூன்று பேர் கேட்டார்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்தவர், பிறகு வெளியே கிளம்பவே இல்லை.

எனக்கு அவர்மேல் பாசம் பொங்கி வழிந்தது என்று கதை விடமாட்டேன். இரண்டு அறை வீட்டில் ஒரு அறையை அடைத்துக்கொண்டு, விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். எரிச்சல் வந்ததற்காக என்மேலேயே கோபம் வரும். அந்தக் கோபத்தையும் அவர்மேலேயே காட்டுவேன். இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தால், வீட்டில் வெளிச்சம். பின் அறைக் கதவு திறந்திருந்தது. அண்ணி பால்கனியில் நின்றிருந்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, கீழே நிற்கிற பஸ்ஸுக்கு ஆட்டிக்கொண்டிருந்தார்.

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டேன்.

என்னைப் பார்த்ததும் கையை இறக்கினார். "அவங்கதான் முதல்ல ஆட்டினாங்க" என்றார், திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி. "பதிலுக்கு ஆட்டலேன்னா நல்லாவா இருக்கும்?"

"நல்லா ஆட்டுங்க அண்ணி. நான் என்ன சொன்னேன்?"

"எங்கிருந்தோ வர்றாங்க. என்னை யாருன்னே தெரியாது. ஒண்ணும் கேக்கறதில்லை. சும்மா சிரிச்சுட்டுப் போயிடறாங்க." இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு பஸ் வரும் நேரமெல்லாம் அண்ணிக்கு அத்துப்படி. காலையில் குளித்து, தலை பின்னி, பெட்டியின் அடியில் கிடந்த புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்ட ஆரம்பித்தார். மயில் பச்சைப் புடவையில் ஜரிகை விட்டிருந்தது, நான்தான் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். பால்கனியில் நின்றபடியே எனக்குப் பட்டன் கட்டித் தந்தார். கையும் வாயும் சேர்ந்தே ஓடின. "இன்னிக்கு மேல் தளத்துல ஒரு கிழவர் முத்தம் பறக்க விட்டார், பாத்தியா? பக்கத்துல பொண்டாட்டி உக்காந்திருக்கா!" என்று சொல்லிச் சிரித்தார். பஸ் இல்லாத நேரத்தில் பால்காரரிடமே கதவைத் திறந்து பால் வாங்கினார். வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்றார். நான் அன்றைக்கு வெங்காயமே நறுக்கவில்லை.

எல்லாம் சரி. ஆனால் எதற்காகத்தான் எங்கள் வீட்டைப் பார்க்கிறார்கள்? இந்தக் கேள்வி எனக்குள் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டே இருந்தது. என் சுபாவம் அப்படி. பேன்ட் பையில் ஏதாவது தட்டுப்பட்டால், எடுத்துப் பார்க்காமல் தையல் போட மாட்டேன். ஒரு நாள் எல்லா வேலையையும் ஒதுக்கிவிட்டு, கடைக்குப் போகிறேன் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு, நான்கு தெரு தள்ளி இருக்கும் நிறுத்தத்தில் போய் அந்த பஸ்ஸில் ஏறினேன். மேல் தளத்தில் இடது ஓரம் இடம் கிடைத்தது. ஹெட்போனும் வெயிலுக்கு ஒரு தொப்பியும் கொடுத்தார்கள். பட்டனை அழுத்தி அழுத்தி, யார் யார் பாஷையோ கடந்து, தமிழுக்கு வந்தேன். கம்பீரமான ஒரு பெண் குரல். செய்தி வாசிக்கிற மாதிரி இருந்தது.

சொன்னால் வெட்கம். இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தும், அன்றைக்குப் பார்த்ததில் பாதியை நான் பார்த்ததில்லை. மேகத்தில் முட்டுகிற அந்தக் கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உச்சியில் கண்ணாடித் தரை இருக்கிறதாம், காலடியில் மொத்த ஊரும் தெரியுமாம். என் வீட்டுக்காரர் அந்தக் கோபுரத்தில் லிஃப்ட் மெக்கானிக். தினமும் உச்சிக்குப் போய் வருகிறார். ஆனால் கூண்டுக்கு வெளியே கம்பிவடத்தையும் கிரீஸையும் தவிர அவர் எதையும் பார்த்ததில்லை. கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும் அருங்காட்சியகம், ஆற்றங்கரையில் கண்ணாடிக்குள் வளர்க்கிற காடு, தலைக்கு மேல் மீன் நீந்துகிற சுரங்கம், போட்டோ எடுப்பதற்காகவே ஜனங்கள் நடக்கிற தொங்குபாலம். நான்கு மாடி உயரத்திலிருந்து அருவி கொட்டுகிற பெரிய மால் ஒன்றும் வந்தது. அங்கே இருக்கும் துணிக்கடைக்கு நான் மாதாமாதம் போகிறேன். லாரி நிற்கும் பின்வாசலில் மூட்டையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். அருவி இருப்பது இப்போதுதான் தெரிகிறது. இந்த ஊரை நான் பின்வாசல் வழியாகவே பார்த்துப் பழகிவிட்டேன்.

பஸ் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. சிக்னல் விழுந்தது. காதில் அந்தக் குரல் பேசியது.

"இப்போது உங்கள் இடது பக்கம் நிமிர்ந்து பாருங்கள். நகரத்தின் கடைசி அரசி வாழ்ந்த மாளிகை இது. மூன்றாம் தளத்தில் தெரியும் மாடத்தில்தான் அரசி தினமும் வந்து நிற்பார். மன்னர் கடல் கடந்து போய்த் திரும்பாத பிறகு, கடைசி மூச்சு வரை அவர் இந்த மாளிகையை விட்டு வெளியே வரவில்லை. மக்கள்தான் இங்கே வந்து கை அசைப்பார்கள். அரசியும் பதிலுக்கு அசைப்பார். நீங்களும் ஒருமுறை கை அசைத்துப் பாருங்கள்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். மயில் பச்சைப் புடவையில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்கள் அண்ணி கையை அசைத்தார்.

மேல் தளமே ஆர்ப்பரித்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா தன் வீட்டுக்காரரை இடித்தார். "பாருங்களேன், ராணி மாதிரி வேஷம் போட்டு ஆளையே நிறுத்தி வெச்சிருக்காங்க! எவ்ளோ பொருத்தமா பிடிச்சிருக்காங்க, முகத்துல அந்த சோகம்கூட இருக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு, வலது பக்கம் திரும்பினேன். பச்சை வலைக்குள் மூடிக்கொண்டு, யாரும் திரும்பிப் பார்க்காமல், நிஜ அரண்மனை நின்றது.

அடுத்த நிறுத்தத்தில் டிக்கெட் பார்க்கும் பெண்ணை மெல்ல விசாரித்தேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ரூட்டு திரும்பினதுல இடது வலதாயிடுச்சுக்கா. ரெக்கார்டிங் பழசு. எல்லா பாஷையிலயும் மாத்திப் பேசி வாங்கணும். அரண்மனைதான் வலைக்குள்ள இருக்கே, யாருக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டாங்க. திறப்பு விழாவுக்குள்ள மாத்திடுவாங்க. உங்களுக்கு ஏதாவது தொந்தரவா?"

"இல்லம்மா" என்றேன். "ஒரு தொந்தரவும் இல்லை. மெதுவாவே மாத்தட்டும்."

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் நெடுநேரம் தலையைச் சொறிந்தார். "அக்காகிட்ட சொல்லிடலாமா? நாளைக்கு வலையைப் பிரிச்சா தானா தெரியப்போகுது."

"நீங்க வாயைத் திறந்தீங்க, அவ்ளோதான். மறுபடி அந்த ரூமுக்குள்ள போனா, உங்க லிஃப்டை வெச்சுத் தூக்கினாலும் வெளிய வரமாட்டாங்க."

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. ஊரே அரண்மனை எப்போது திறக்கும் என்று காத்திருக்க, அது திறக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான். உள்ளே சத்தம் குறைந்தால் மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன். மேலே ஒரு சாரத்தைக் கழற்றினால் ஊசி விரலில் ஏறும். அண்ணி மட்டும், "வலைக்குள்ள அப்படி என்னதான் பண்றாங்களோ, ஒரு நாள் பாக்கணும்" என்று ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரித்தேவிட்டார்கள். உச்சியில் ஆரம்பித்து, வலை சுருண்டு சுருண்டு கீழே விழுந்தது. சும்மா சொல்லக் கூடாது, அரண்மனை பளபளவென்று இருந்தது. மூன்றாம் தளத்தில், கல்லில் பூ செதுக்கிய ஒரு மாடம். அதற்கு நேர் எதிரே நாங்கள்.

திறப்பு விழா முடிந்த மறுநாள் காலை அண்ணி மயில் பச்சையைக் கட்டிக்கொண்டு பால்கனிக்கு வந்தார். நான் மெஷினில் தலையைக் குனிந்துகொண்டேன். பஸ் வந்து நின்றது. அண்ணி கையைத் தூக்கினார். பஸ்ஸில் அத்தனை தலையும் ஒன்றாகத் திரும்பியது, வலது பக்கம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தொப்பிகளின் பின்பக்கம்தான். போட்டோ எடுத்தார்கள், அந்தக் கல் மாடத்துக்குக் கை ஆட்டினார்கள், போய்விட்டார்கள்.

அண்ணியின் கை அப்படியே நின்றது. அடுத்த பஸ் வரும்வரை அங்கேயே இருந்தார். அதுவும் வலது பக்கம் பார்த்துவிட்டுப் போயிற்று. அண்ணி உள்ளே வந்தார், புடவையை மாற்றினார், பின் அறைக்குள் போனார். தாழ்ப்பாள் விழுந்தது. மறுநாள் பால்காரர் பெல் அடித்தபோது அந்தக் கதவு திறக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்தேன். பாதிதான் காலியானது.

அதற்கும் மறுநாள் பொறுமை போயிற்று. கதவைத் தட்டினேன். தட்டினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, இடித்தேன். "அண்ணி, திறங்க. ஒரு விஷயம் சொல்லணும். கேட்டுட்டு அப்புறம் என்னைத் திட்டுங்க, இல்ல மறுபடி பூட்டிக்குங்க."

திறந்தார். நான் பஸ்ஸில் போனது, ரெக்கார்டிங், வலது இடது ஆனது, கடைசி அரசி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். முகம் சிவந்தது.

"அப்ப இவ்ளோ நாளும் எனக்கு இல்லையா அது?"

"இல்லை அண்ணி."

"ஒரு ராணிக்கு வந்ததை நான் வாங்கிட்டு இருந்தேனா? தெரிஞ்சும் நீ பாத்துட்டு இருந்தியா?"

"ஆமா. நீங்க சிரிச்சீங்க. எனக்கு அதைக் கெடுக்க மனசு வரல." சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. எரிச்சல் எல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்த ராணி ஏன் மேலயே நின்னாளாம்? இறங்கி வர்றதுக்கு என்ன?"

"புருஷன் போய்த் திரும்பி வரலையாம். அதுக்கப்புறம் அவங்க வெளியவே வரல. ஜனங்கதான் போய்ப் பாத்தாங்களாம்."

"எவ்ளோ நாள்?"

"கடைசி வரைக்கும்."

"சாகற வரைக்குமா?"

நான் தலையாட்டினேன். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பைத்தியக்காரி" என்றார். அரசியைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். "அவ்ளோ ஜனம் கீழ நின்னு கூப்பிட்டிருக்கு. படி இறங்கத் தோணலையா அவளுக்கு?"

எழுந்தார். மயில் பச்சையைக் கட்டினார். கட்டிலுக்கடியில் தூசி படிந்து கிடந்த செருப்பை எடுத்து, தரையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"நானும் வர்றேன் அண்ணி, இருங்க."

"நீ வேண்டாம். நீ பால்கனியில நில்லு. பஸ்லேர்ந்து நம்ம வீடு எப்படித் தெரியுதுன்னு நான் பாக்கணும்."

வாசல் கதவைத் திறந்தார். நான் மாடிப்படியின் மேலே நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். செருப்புச் சத்தம் ஒரு மாடி இறங்கியது. அடுத்ததும் இறங்கியது. முதல் மாடியில் நின்றது. வக்கீல் வீட்டம்மா! அவர் எப்போதும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

"அட, நீங்களா! பாத்து எவ்ளோ நாளாச்சு. வீட்டுக்காரர் எப்ப வர்றார் உங்களைக் கூட்டிட்டுப் போக?"

நான் படிக்கட்டுக் கம்பியை இறுகப் பிடித்தேன். இதோ திரும்பி ஓடிவருவார் என்று கதவைக்கூட அகலத் திறந்து வைத்தேன்.

"அவர் வரமாட்டார்" என்றது அண்ணியின் குரல். மூன்றாம் மாடி வரை நன்றாகக் கேட்டது. "வேற குடும்பம் ஆயிடுச்சு அவருக்கு. நான் ஊர் சுத்திப் பாக்கப் போறேன். பஸ் வந்துடும், அப்புறம் பேசலாம்."

செருப்புச் சத்தம் கீழே இறங்கிப் போயிற்று. வக்கீல் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பகலில் அது மூடிக்கொண்டதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

நான் பால்கனிக்கு ஓடினேன். மெஷினில் பாதி தைத்த பேன்ட் ஒன்று கையோடு வந்துவிட்டது. ஒரு பஸ் வந்தது, அதில் அண்ணி இல்லை. அடுத்ததிலும் இல்லை. எங்கேயாவது வழி தவறிவிட்டாரோ, நிறுத்தத்தில் நின்று அழுகிறாரோ என்றெல்லாம் மனம் அடித்துக்கொண்டது. மூன்றாவது பஸ் தெருவுக்குள் திரும்பி சிக்னலில் நின்றது. மேல் தளத்தில் அத்தனை தலையும் ஒன்றாக வலது பக்கம் திரும்பியது. ஒரே ஒரு தலை மட்டும் திரும்பவில்லை. இடது ஓரத்தில், ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மயில் பச்சைத் தலைப்பு காற்றில் பறக்க, அண்ணி எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைத் தூக்கினார்.

நான் பேன்ட்டோடு சேர்த்து இரண்டு கையையும் ஆட்டினேன்.

"கொடியை இழுத்துக் கட்டு! தொங்குது!" என்று கீழிருந்து கத்தினார். பஸ்ஸில் நான்கைந்து பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார்.

கோபுரத்தில் இறங்குவார், ஆற்றங்கரையில் இறங்குவார் என்று நினைத்தேன். ஒரு சுற்று முடிந்து அதே பஸ் மறுபடி வந்தபோது, அண்ணி அதே இடத்தில்தான் இருந்தார். மறுபடி கை ஆட்டினார். டிக்கெட் நாள் முழுக்கச் செல்லும். அன்றைக்கு எனக்கு ஒரு பேன்ட்கூட முடியவில்லை.